வளைந்த டிவி யாருக்காக வளைந்தது?

உசிலம்பட்டியிலிருந்து என் மச்சான் போன மாதம் மதுரைக்கு டிவி பார்க்க வந்திருந்தார். புது வீடு கட்டிக் குடிபோய் இரண்டு வாரம்கூட ஆகவில்லை. டவுன்ஹால் ரோட்டில் ஒரு கடையில் நின்றுகொண்டு போன் பண்ணினார். எக்ஸ்சேஞ்சில் வந்த 55 இன்ச் வளைந்த டிவி ஒன்றைக் கடைக்காரர் காட்டியிருக்கிறார். கீறல் இல்லை, ரிமோட் இருக்கிறது, விலையும் புது டிவியை விடக் குறைவு.

"மாப்ள, பாக்கவே தியேட்டர் மாதிரி இருக்கு. எடுத்துரவா?"

"வீட்டு ஹாலை அளந்துட்டு வந்தீங்களா?" என்றேன்.

"டிவி வாங்க எதுக்குய்யா ஹாலை அளக்கணும்?"

அவர் கேட்டதில் தப்பில்லை. தட்டை டிவி வாங்கினால் சுவரை அளந்தால் போதும். வளைந்த டிவிக்கு ஹாலையே அளக்க வேண்டும். யார் எங்கே உட்காருவார்கள், ஜன்னல் எந்தப் பக்கம் என்பதுவரை. அன்று போனில் அவசரமாகச் சொன்னதை இங்கே நிதானமாகச் சொல்கிறேன்.

நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு வளைந்த டிவி புதிதில்லை. நம் வீடுகளுக்கு முதலில் வந்த டிவிகள் எல்லாமே வளைந்தவைதான், ஆனால் வெளிப்பக்கமாகப் புடைத்தவை. அந்தக் கண்ணாடிக் குழாய்க்குள் காற்று கிடையாது. வெளியே இருக்கும் காற்று ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மீதும் சுமார் ஒரு கிலோ கனத்தோடு அழுத்திக்கொண்டே இருக்கும். 21 இன்ச் டிவியின் முகத்தில் மட்டும் அது ஒரு டன்னைத் தாண்டிவிடும். அந்தக் கனத்தைத் தாங்கத்தான் முகம் புடைத்திருந்தது. திருமலை நாயக்கர் மகாலின் வளைவுகள் மேலே இருக்கும் பாரத்தைத் தூண்களுக்கு இறக்கிவிடுவதும் ஏறக்குறைய அதே கணக்குதான். தட்டையான முகம் வேண்டும் என்றால் கண்ணாடியைத் தடிமனாக்க வேண்டும், டிவி கனக்கும், விலை ஏறும். ஆனாலும் 1990-களின் கடைசியில் தட்டை முகம் கொண்ட குழாய் டிவிகள் வந்தபோது, கூடக் காசு கொடுத்து வாங்கினோம். 2006-ல் தமிழக அரசு வீடுவீடாகக் கொடுக்கத் தொடங்கிய 14 இன்ச் கலர் டிவிகள் குழாய் டிவிகள்தான். அதற்குள் வசதியான வீடுகளில் எல்சிடி சுவரேறத் தொடங்கியிருந்தது. தட்டைத் திரைக்காக அத்தனை வருடம் காத்திருந்தோம்.

அது கிடைத்துச் சில வருடங்களிலேயே, 2013 ஜனவரியில், லாஸ் வேகாஸ் மின்னணுக் கண்காட்சியில் சாம்சங்கும் எல்ஜியும் உள்பக்கமாகக் குழிந்த ஓஎல்இடி (புள்ளிகள் தாமே ஒளிரும் திரை) டிவிகளைக் கொண்டுவந்து வைத்தன. அந்த வருடமே விற்பனைக்கும் வந்தன. அமெரிக்காவில் எல்ஜியின் 55 இன்ச் டிவிக்கு முதலில் வைத்த விலை 15,000 டாலர், அன்றைய மாற்று மதிப்பில் சுமார் ஒன்பது லட்சம் ரூபாய். அந்த வருடக் கடைசியிலேயே சோனி எல்சிடி டிவியையும் வளைத்தது, அடுத்த வருடம் மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். அப்போது கண்ணாடி போட்டுப் பார்க்கும் முப்பரிமாண (3டி) டிவி மீதான ஆசை வடிந்துகொண்டிருந்தது. எல்லாக் கம்பெனி டிவியும் மெலிந்து, ஓரச் சட்டம் சுருங்கி, தூரத்திலிருந்து பார்த்தால் ஒன்றுபோலவே இருந்தன. கடைக்குள் நுழைகிறவர் கண் ஒரு டிவியில் நிற்க வேண்டும் என்றால் அதற்கு ஒரு உருவ வித்தியாசம் வேண்டியிருந்தது. வளைவு பிறந்ததற்கு இதுவே பெரிய காரணம் என்று நான் நினைக்கிறேன். படத்தை மேம்படுத்தும் என்பது பிறகு சேர்ந்த காரணம்.

அந்தப் படக் காரணத்தையும் பார்த்துவிடுவோம், அதில் உண்மையே இல்லை என்று சொல்ல முடியாது. மச்சான் சொன்ன "தியேட்டர் மாதிரி" என்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1952-ல் நியூயார்க்கில் சினிரமா என்ற முறை அறிமுகமானது. மூன்று புரொஜெக்டர்கள், 146 டிகிரி வளைந்த திரை. பார்க்கிறவரின் கண்ணோரம் வரை படம் வந்து நிற்கும். அதே 1952-ல்தான் நம் மதுரையில் தங்கம் தியேட்டர் திறந்தார்கள், 2,500-க்கும் மேற்பட்ட இருக்கைகளோடு. இன்று அந்த இடத்தில் ஜவுளிக்கடை நிற்கிறது. அவ்வளவு பெரிய அரங்கில், அவ்வளவு அகலமான திரையில், நடுவுக்கும் ஓரத்துக்கும் உள்ள தூர வித்தியாசம் மீட்டர் கணக்கில் வரும். அங்கே வளைவுக்கு வேலை உண்டு. இன்னொன்றும் சொல்ல வேண்டும். சினிரமா திரை ஒரே துணி இல்லை. ஆயிரத்துக்கும் மேற்பட்ட செங்குத்துப் பட்டைகளை அடுக்கிச் செய்தது. குழிந்த திரையின் ஒரு பக்கத்தில் பட்ட வெளிச்சம் மறுபக்கத்தில் போய் விழுந்து படத்தை வெளிற வைக்கும் என்பதால்தான் அப்படிச் செய்தார்கள். குழிந்த பரப்பு வெளிச்சத்தை என்ன பண்ணும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நம் ஹாலில் இது பிறகு வரும்.

இப்போது வீட்டுக் கணக்கு. வளைந்த டிவிகளில் அதிகம் வந்த அளவு 4200 ஆர். அதாவது 4.2 மீட்டர் ஆரம் கொண்ட ஒரு வட்டத்தின் சிறு துண்டு. 55 இன்ச் திரையின் அகலம் 122 சென்டிமீட்டர், நாலடி. அந்த அகலத்துக்கு அந்த வளைவில் ஓரங்கள் முன்னால் வருவது 4.4 சென்டிமீட்டர், மூன்று விரல் அகலம். 65 இன்ச்சில் ஆறு சென்டிமீட்டருக்குச் சற்றே மேல்.

ஏழேகால் அடி தள்ளி, நேர் நடுவில் உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். தட்டைத் திரையில் ஓரம், நடுவை விட எட்டு சென்டிமீட்டர் தூரத்தில் இருக்கும். வளைந்ததில் அது நாலாகக் குறையும். இரண்டு மீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிற கண்ணுக்கு இந்த நாலு சென்டிமீட்டர் என்ன செய்துவிடும்? "படம் உங்களைச் சூழ்ந்துகொள்ளும்" என்று விளம்பரத்தில் சொன்னார்களே, அதையும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அதே இடத்திலிருந்து பார்த்தால் தட்டை 55 இன்ச் உங்கள் பார்வையில் 31 டிகிரியை அடைக்கிறது. வளைந்த 55 இன்ச் 31.4 டிகிரி. அரை டிகிரிகூட முழுதாகக் கூடவில்லை. ஆனால் தட்டையிலேயே 65 இன்ச்சுக்குப் போனால் 36 டிகிரி வந்துவிடும். சூழ்ந்துகொள்ளும் அனுபவம்தான் வேண்டும் என்றால், வளைவுக்குக் கொடுக்கிற காசை அளவுக்குக் கொடுப்பது பத்து மடங்குக்கு மேல் பலன்.

பிறகு ஏன் கடையில் அவ்வளவு நன்றாகத் தெரிகிறது? கடையில் நாம் தனியாகப் பார்க்கிறோம். நேர் எதிரே, கிட்டத்தில், கண் உயரத்துக்கு டிவியை வைத்து, நின்றபடி. வளைவு தன் நன்மை முழுவதையும் கொடுக்கிற ஒரே இடம் அதுதான். மச்சான் நின்ற இடமும் அதுதான்.

வீட்டில் யார் அப்படிப் பார்க்கிறார்கள்? மாட்டுப் பொங்கல் அன்று பாலமேடு ஜல்லிக்கட்டு நேரலை ஓடும்போது எங்கள் ஹாலை நினைத்துப் பார்க்கிறேன். சோபாவில் மூன்று பேர், அதில் நடுவில் இருப்பவர் ஒருவர்தான். அப்பத்தா இடப்பக்கச் சுவரில் சாய்ந்து காலை நீட்டியிருக்கும். மதினி அடுப்பையும் பார்க்க வேண்டும், மாட்டையும் பார்க்க வேண்டும் என்று அடுப்படி நிலையில் நிற்பார். பிள்ளைகள் டிவிக்குக் கீழே தரையில் கிடப்பார்கள். எதிர்வீட்டு அண்ணன் செருப்பைக் கழற்றாமல் வாசல்படியில் நின்று, "எந்த ஊரு மாடுய்யா அது?" என்பார். வளைவு இவர்களில் ஒருவருக்காக மட்டும்தான் வளைந்திருக்கிறது.

பக்கவாட்டில் இருப்பவர்களுக்கு என்ன ஆகிறது என்பதைச் சொல்லியாக வேண்டும். 55 இன்ச் வளைந்த திரையின் ஓரங்கள் ஒவ்வொன்றும் நடுவை நோக்கி எட்டு டிகிரி திரும்பியிருக்கின்றன. அப்பத்தாவுக்குப் பக்கத்தில் இருக்கும் ஓரம் அதனிடமிருந்து எட்டு டிகிரி முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. தூரத்து ஓரம் எட்டு டிகிரி அதன் பக்கம் பார்க்கிறது. லாபமும் நட்டமும் சமம் என்று தோன்றும், ஆனால் படம் ஒரு பக்கம் குறுகி ஒரு பக்கம் விரிந்து கோணலாகிவிடும். மேலும் வளைந்த எல்சிடி டிவிகளில் பெரும்பாலானவை விஏ வகைப் பேனல். நேரே பார்த்தால் கறுப்பு நல்ல கறுப்பாக இருக்கும், பக்கவாட்டில் போகப் போக நிறம் வெளுக்கும். முகத்தைத் திருப்பிக்கொண்ட ஓரத்தில் இந்த வெளுப்பு இன்னும் சீக்கிரம் வரும்.

தரையில் இருப்பவர்களுக்கு வேறொரு தொல்லை. நம் வீடுகளில் டிவியைக் கொஞ்சம் உயரத்தில்தான் மாட்டுகிறோம், பிள்ளைகள் கை படாமல் இருக்க. குழிந்த திரையைக் கீழேயிருந்து அண்ணாந்து பார்த்தால், முன்னால் வந்திருக்கும் இரண்டு ஓரங்களும் மேலே தூக்கித் தெரியும், நடு இறங்கித் தெரியும். எட்டடி தள்ளித் தரையில் உட்கார்ந்தவருக்கு மேல் விளிம்பு இரண்டு சென்டிமீட்டர்வரை தொய்ந்து தோன்றும். துணி காயப்போட்ட கொடிக்கயிறு மாதிரி. சினிமாக் காட்சியில் இது மறந்துபோகும். ஜல்லிக்கட்டுக் கம்பி வேலி, கிரிக்கெட் ஆடுகளத்தின் கோடு, செய்திச் சேனலில் அடியில் ஓடும் எழுத்து வரி, இதிலெல்லாம் மறக்காது.

எல்லாவற்றையும் விட எனக்குப் பெரிதாகப் படுவது வெளிச்சம். நம் ஊரில் டிவியை இருட்டில் பார்ப்பது குறைவு. அழகர் ஆற்றில் இறங்குவதைக் காலை வெளிச்சத்தில் பார்க்கிறோம், ஜல்லிக்கட்டைப் பட்டப்பகலில் பார்க்கிறோம், ராத்திரியில் டியூப்லைட்டைப் போட்டுக்கொண்டு சீரியல் பார்க்கிறோம். பள்ளிக்கூடத்தில் குழியாடிப் பாடம் படித்திருப்பீர்கள். குவியத் தொலைவு ஆரத்தில் பாதி. 4.2 மீட்டர் ஆரத்துக்கு 2.1 மீட்டர். அந்த ஆரத்துக்குள் நிற்கும் எதையும் குழியாடி பெரிதாக்கிக் காட்டும். பன்னிரண்டடி ஹால் என்றால் 3.7 மீட்டர்கூட இல்லை. அதாவது ஹாலின் பின்சுவர், அதிலுள்ள ஜன்னல், அதன் மேலுள்ள டியூப்லைட் எல்லாம் பெரிதாகும் எல்லைக்குள்தான் இருக்கின்றன. டிவி அகலவாக்கில் மட்டும் வளைந்தது என்பதால், பிம்பமும் அகலவாக்கில் மட்டும் இழுபடும்.

அளந்து சொல்கிறேன். அதே ஏழேகால் அடியில் உட்கார்ந்து, அணைத்து வைத்த தட்டைத் திரையைப் பார்த்தால், பின்சுவரில் பத்தரை அடிக்கு மேல் அதில் பிரதிபலிக்கும். நடுவில் இருக்கும் மூன்றடி ஜன்னல் திரையின் கால் பங்கைச் சற்றே தாண்டி இடம் பிடிக்கும். வளைந்த திரையில் பின்சுவரின் நாலடிக்கும் குறைவாகத்தான் தெரியும். ஆனால் அந்தத் துண்டு முழுத் திரைக்கும் விரியும். மூன்றடி ஜன்னல் திரையில் ஐந்தில் நான்கு பங்கை மூடிவிடும். இதில் ஒரு நன்மையும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. சோபாவுக்கு நேர் பின்னே வெற்றுச் சுவராக இருந்து, ஜன்னல் ஓரத்தில் தள்ளி இருந்தால், வளைந்த திரையில் அந்த ஜன்னல் விழவே விழாது. தட்டையில் விழும். அதனால்தான் ஹாலை அளக்கச் சொன்னேன். நம் பக்கம் பெரும்பாலான வீடுகளில் தெருக்காற்று வர வேண்டும் என்று ஜன்னலை வைப்பது சோபா போடுகிற சுவரில்தான்.

தயாரிப்பிலும் சிக்கல் இருந்தது. ஓஎல்இடிக்குப் பின்விளக்கு கிடையாது, மெல்லிய பரப்பு, வளைந்துகொடுக்கும். எல்சிடி அப்படியில்லை. இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே திரவப் படிகம். இரண்டையும் சேர்த்து வளைத்தால் ஒன்று இழுபடும், ஒன்று நெருக்குண்ணும். ஒன்றின் மேல் ஒன்று மயிரிழை பிசகாமல் பொருந்தியிருக்க வேண்டிய கட்டங்கள் நகரும், அழுத்தம் விழுந்த கண்ணாடி ஒளியின் போக்கை மாற்றும், மூலைகளில் பின்விளக்கு கசியும். இருட்டுக் காட்சியில் மூலைகளில் பனிமூட்டம் மாதிரித் தெரிவது இதனால் வரக்கூடியது.

வளைந்த டிவி எப்படி முடிந்தது என்பது சுருக்கமான கதை. எல்ஜி 2017-ல் தன் ஓஎல்இடி டிவிகள் எல்லாவற்றையும் தட்டைக்கே திருப்பியது. சாம்சங் இன்னும் மூன்று வருடம் தாக்குப்பிடித்தது. 2020-ல் வந்த டியூ8300 மாடலுக்குப் பிறகு அதன் வளைந்த டிவி வரிசையும் நின்றது. இன்று மதுரையில் எந்த ஷோரூமில் கேட்டாலும் புது வளைந்த டிவி எடுத்துக் காட்டுவது கஷ்டம். கிடைப்பவை பழையவை, அல்லது கிடங்கில் தங்கியவை.

ஆனால் வளைவே தோற்றது என்று சொல்ல மாட்டேன். கம்ப்யூட்டர் மானிட்டரில் அது நன்றாகக் காலூன்றிவிட்டது. அங்கே உட்காருவது ஒரே ஆள், நேர் நடுவில், இரண்டு இரண்டரை அடியில். கடையில் டிவி முன்னால் நின்ற அதே நிலை, ஆனால் நாள் முழுக்க. 34 இன்ச் அகலத் திரையை 70 சென்டிமீட்டர் தூரத்தில் வைத்தால், தட்டையில் ஓரம் நடுவை விட 15 சதவீதம் தூரத்தில் இருக்கும். 1500 ஆர் வளைவில் அது 8 சதவீதமாகக் குறையும், 1000 ஆரில் ஐந்துக்கும் கீழே போகும். இந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். கல்யாண வீடியோ எடிட் பண்ணுகிற பையன்கள், நீளமான எக்செல் தாளோடு மல்லுக்கட்டும் கணக்கர்கள், வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் கம்ப்யூட்டர்க்காரர்கள் இதை தைரியமாக வாங்கலாம். பிளெக்ஸ் பேனர், வீட்டு பிளான் வரைகிறவர்கள் மட்டும் யோசிக்க வேண்டும். நேர்கோடு நேராக இருக்கிறதா என்பதே அவர்கள் பிழைப்பு. 27 இன்ச் சாதா அகல மானிட்டரிலும் வளைவுக்குத் தனிக் காசு கொடுக்கத் தேவையில்லை, பலன் அவ்வளவு வராது. 2022-ல் எல்ஜி 42 இன்ச்சில் ஒரு ஓஎல்இடி காட்டியது. டிவியாகப் பார்க்கும்போது தட்டை, கிட்டத்தில் உட்கார்ந்து கேம் ஆடும்போது இருபது படிகளில் 900 ஆர் வரை வளையும். டிவிக்கு எது, தனி ஆளுக்கு எது என்பதை அந்த ஒரே பொருளில் அவர்களே பிரித்துக் காட்டிவிட்டார்கள்.

சரி, மச்சானுக்கு முன்னால் இருந்த பழைய டிவி. விலை குறைவு என்பது உண்மையா என்று முதலில் பார்க்க வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் 32 இன்ச்சுக்கு மேலான டிவிகளின் ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாக இறங்கிவிட்டது. பழைய டிவிக்காரர் தன் விலையைப் பழைய ஷோரூம் விலையோடு ஒப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். அடுத்தது ரிப்பேர். பவர் போர்டு, பின்விளக்குப் பட்டை போனால் நம் மெக்கானிக்குகள் எப்படியாவது சரி பண்ணிவிடுவார்கள். பேனல் போனால் போனதுதான். வளைந்த பேனல் இப்போது டிவிக்கென்று வருவதில்லை, இன்னொரு செத்த டிவியிலிருந்து கழற்றினால்தான் உண்டு. டெம்போவில் உசிலம்பட்டிவரை படுக்கப்போட்டுக் கொண்டுபோனால் என்ன ஆகும் என்பதையும் நினைக்க வேண்டும்.

ஏற்கெனவே வீட்டில் வளைந்த டிவி வைத்திருப்பவர்கள் அதை மாற்றத் தேவையில்லை. கண் உயரத்துக்கு இறக்கி வையுங்கள், சோபாவுக்குப் பின்னால் இருக்கும் ஜன்னலுக்குக் கனமான திரை போடுங்கள், பின்சுவர் டியூப்லைட்டைப் பக்கச் சுவருக்கு மாற்றுங்கள். பாதிக் குறை அதிலேயே போய்விடும். வாங்கித்தான் தீர வேண்டும் என்பவர்கள், முழுச் சாம்பல் நிறப் படம் ஒன்றையும் முழுக் கறுப்புப் படம் ஒன்றையும் பென்டிரைவில் போட்டுக்கொண்டு போங்கள். கடை விளக்கை ஒரு நிமிடம் அணைக்கச் சொல்லி, இரண்டையும் ஓட்டி, மூலைகளைப் பாருங்கள். பிறகு தரையில் உட்கார்ந்தும், ஓரத்தில் தள்ளி நின்றும் பாருங்கள்.

மச்சான் கடைசிவரை போனை வைக்கவில்லை. "ஓரமா நின்னு பாக்குறேன் இரு" என்றார். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "தரையில உக்காரவான்னு கேட்டா கடைக்காரர் ஒரு மாதிரியா பாக்குறாருய்யா" என்றார். உட்காரச் சொன்னேன். உட்கார்ந்தார். அடுத்த பஸ்ஸில் ஊருக்குப் போய் ஹாலை அளந்து வாட்ஸப்பில் அனுப்பினார். பதினோரு அடிக்குப் பதினைந்து அடி, சோபாவுக்குப் பின்னால் நாலடி ஜன்னல், தெருப் பக்கம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை தட்டையில் ஒரு 55 இன்ச் ஐபிஎஸ் பேனல் டிவி எடுத்தோம், பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் அவ்வளவாக வெளுக்காத வகை. அப்பத்தா உட்காரும் மூலையிலிருந்து பார்த்துத்தான் மச்சான் டிவி மாட்ட வேண்டிய உயரத்தைச் சுவரில் பென்சிலால் குறித்தார்.